மேசையில் இருப்பது பாதி போன்தான்

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஒரு மேசையைக் காட்டி, "இதுதான் உங்கள் இடம்" என்பார்கள். நாற்காலி, கணினி, அதன் பக்கத்தில் சுருள் வயர் தொங்கும் ஒரு போன். கணினியில் எது எங்கே இருக்கிறது என்று கேட்க யாரும் வெட்கப்படுவதில்லை. போனைப் பற்றி மட்டும் கேட்க வாய் வராது. போன் பேசக்கூடத் தெரியாதா என்று சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம்.

எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. முதல் வாரத்திலேயே அதற்கான பலனும் கிடைத்தது. வெளியிலிருந்து வந்த ஒரு அழைப்பை மேலதிகாரிக்கு மாற்றிவிட வேண்டும். பக்கத்து மேசைக்காரர் செய்ததைப் பார்த்த ஞாபகத்தில், ரிசீவர் உட்காரும் இடத்தில் இருக்கும் சின்னப் பொத்தானை நானும் அமுக்கினேன். லைன் கட் ஆகிவிட்டது. லைனில் இருந்தவரே மறுபடி அழைத்தார். மறுபடியும் கட் செய்தேன். மூன்றாம் முறை ரிசீவரை மேசை மேல் அப்படியே படுக்க வைத்துவிட்டு, எழுந்து போய் மேலதிகாரியைக் கையோடு கூட்டிவந்து பேச வைத்தேன்.

நான் எங்கே சறுக்கினேன் என்பது பிற்பாடுதான் புரிந்தது. அந்தப் போனை நான் கைபேசி மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். கைபேசி தனியாள். எண்ணைச் சேர்த்து வைப்பது, அழைப்பது, காத்திருக்க வைப்பது எல்லாவற்றுக்கும் அதற்குள்ளேயே ஒரு கணினி இருக்கிறது. சாதாரண மேசை போனுக்குள் அப்படி ஒன்றும் பெரிதாகக் கிடையாது. வயரின் அடுத்த முனையில் இருக்கும் எக்ஸ்சேஞ்சுதான், அதாவது அழைப்புகளை இணைத்துவிடும் நிலையம்தான், வேலை முழுவதையும் பார்க்கிறது. மேசையில் இருப்பது அதோடு பேச ஒரு வாய், ஒரு காது, கூடவே கையைத் தூக்கிக் காட்ட ஒரு பொத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

இரண்டு கம்பி, ஒரு ஹுக்

சுவரிலிருந்து போனுக்கு வரும் வயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு அல்லது நான்கு மெல்லிய கம்பிகள் இருக்கும். ஒரு லைனுக்கு உண்மையில் இரண்டே போதும். அந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே எக்ஸ்சேஞ்ச் எப்போதும் மின்சாரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பொதுவாக 48 வோல்ட், நேர் மின்சாரம். ரிசீவர் அதன் இடத்தில் இருக்கும்வரை சுற்று திறந்தே கிடக்கிறது, மின்னோட்டம் இல்லை.

ரிசீவரை எடுக்கிறீர்கள். இவ்வளவு நேரம் அதன் கனத்தில் அமுங்கிக் கிடந்த பொத்தான் மேலே எழும்புகிறது. அதைத்தான் ஹுக் என்கிறோம். ஆரம்பகாலப் போன்களில் காதில் வைக்கும் பகுதியைப் பக்கத்தில் ஒரு கொக்கியில் மாட்டி வைப்பார்கள். கொக்கி போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஹுக் எழும்பியதும் சுற்று மூடிக்கொள்கிறது. ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் பாய்கிறது, 48 வோல்ட் சரிந்து 10 வோல்ட் பக்கம் வந்துவிடுகிறது. யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார்கள் என்று எக்ஸ்சேஞ்ச் தெரிந்துகொள்வது இப்படித்தான். உடனே ஒரு ஒலியை அனுப்புகிறது. அதுதான் டயல் டோன். "நான் இருக்கிறேன், எண்ணைச் சொல்லுங்கள்" என்பதே அதன் அர்த்தம்.

கைபேசியில் எண்ணை முழுவதும் அடித்து, ஒருமுறை சரிபார்த்து, அப்புறம்தான் பச்சைப் பொத்தானைத் தொடுகிறோம். இங்கே வரிசை தலைகீழ். முதலில் எடுக்க வேண்டும், டோன் கேட்க வேண்டும், பிறகு எண். புதிதாக வருகிறவர்கள் ரிசீவரை வைத்தபடியே எண்ணை அடித்துவிட்டு, எடுத்ததும் வெறும் டயல் டோன் கேட்டு முழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்கள் அடித்தபோது மறுமுனையில் கேட்க யாரும் இல்லை, அவ்வளவுதான். திரை உள்ள சில போன்களில் வைத்தபடியே அடிக்கலாம். அதற்கென்று போனுக்குள் கொஞ்சம் நினைவாற்றல் வைத்திருப்பார்கள்.

மின்சாரம் இதே கம்பிகளில் வருவதால் சாதாரண போனுக்குத் தனி பிளக் தேவையில்லை. கரண்ட் போனாலும் பேசலாம். ஆனால் அலுவலகத்துக்கென்று தனியாக ஒரு எக்ஸ்சேஞ்ச் பெட்டி இருந்து, அதற்கு பேட்டரி இல்லையென்றால், கரண்ட் போகும்போது அதுவும் படுத்துவிடும். இன்னொன்று: மணி அடிக்கும்போது அதே கம்பிகளில் 75 முதல் 90 வோல்ட் வரை மாறுமின்சாரம் வருகிறது. அந்த நேரம் பார்த்து அறுந்த வயரை விரலால் தொட்டவர்களுக்கு அது எப்படிச் சுரீரென்று இழுக்கும் என்று தெரியும். வயரில் கை வைக்க வேண்டி வந்தால், சுவரிலிருந்து கழற்றிவிட்டு வையுங்கள்.

எதை எங்கே செருகுவது

பெட்டியைப் பிரித்தால் போனோடு இரண்டு வயர்கள் இருக்கும். ஒன்று சுருள் வயர், ரிசீவருக்கும் போன் உடலுக்கும் நடுவில் போடுவது. இன்னொன்று தட்டையானது, போனுக்கும் சுவருக்கும் நடுவில். இரண்டின் நுனியிலும் ஒளி ஊடுருவும் சின்ன பிளாஸ்டிக் பிளக் இருக்கும். அவசரத்தில் பார்த்தால் ஒன்று போலவே தெரியும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சுருள் வயரின் பிளக் குறுகலானது, நான்கு கம்பிகளுக்கானது. தட்டை வயரின் பிளக் கொஞ்சம் அகலமானது. ஆர்.ஜே.11 என்று கடையில் கேட்பது இந்த அகலமானதைத்தான்.

போனைக் கவிழ்த்துப் பாருங்கள். ஒரு துளைக்குப் பக்கத்தில் குட்டியாக ரிசீவர் படம் போட்டிருக்கும், அது சுருள் வயருக்கு. இன்னொன்றின் பக்கத்தில் 'லைன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும், அது சுவருக்கு. பிளக்கின் ஒரு பக்கத்தில் நாக்கு மாதிரி ஒரு கிளிப் இருக்கிறது. உள்ளே தள்ளும்போது அது 'டிக்' என்று சத்தம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். டிக் கேட்காமல் ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று விட்டுவிட்டால், பாதிப் பேச்சில் கரகரவென்று இரைச்சல் வருவது அங்கிருந்துதான். கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். கிளிப்பை விரல் நகத்தால் அமுக்கிக்கொண்டு பின்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். கிளிப் உடைந்த பிளக்கை வைத்துக் காலம் தள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், வயரை மாற்றிவிடுங்கள்.

போனின் அடியில் வயர் போவதற்கு வாய்க்கால் மாதிரி பள்ளங்கள் இருக்கும். அலங்காரத்துக்கு இல்லை. வயர் அதில் படுக்காவிட்டால் போன் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், பொத்தானை அழுத்தும்போதெல்லாம் ஆடும்.

எந்தப் பக்கம் வைப்பது? எந்தக் கையால் எழுதுகிறீர்களோ அதற்கு எதிர்ப்பக்கம். வலது கையால் எழுதுபவர் போனை வலப்பக்கம் வைத்தால், ரிசீவரையும் பேனாவையும் ஒரே கைக்குக் கொடுத்துவிட்டு, சுருள் வயரை நெஞ்சுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு தவிக்க வேண்டியதுதான்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. சுவரில் இருக்கும் துளைக்குப் பின்னால் யார்? தொலைபேசி நிறுவனத்தின் நேர் லைனா, அலுவலகத்தின் சொந்த எக்ஸ்சேஞ்சா, அல்லது கணினி வலையமைப்பா? துளையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். கணினிக்கு நெட் வருகிற வயர் மாதிரி எட்டுக் கம்பி அகல பிளக் என்றால் வலையமைப்பு. குறுகிய துளை என்றால் மற்ற இரண்டில் ஒன்று. குறுகிய பிளக்கை அகலத் துளைக்குள் நுழைத்தால் நுழையத்தான் செய்யும். நுழைகிறது என்பதற்காகச் செய்யாதீர்கள், ஓரத்தில் உள்ள பின்கள் வளைந்துவிடலாம். அதே போல அலுவலக எக்ஸ்சேஞ்ச் டிஜிட்டல் வகையாக இருந்தால், வெளியில் வாங்கிவந்த சாதாரண போன் அதில் வேலை செய்யாது. அந்த எக்ஸ்சேஞ்சுக்கென்றே செய்த போன்தான் வேண்டும். சந்தேகமிருந்தால் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

ஒரே லைனில் பிராட்பேண்டும் ஓடினால், போனுக்கு முன்னால் தீப்பெட்டி அளவில் ஒரு ஃபில்டர் போட வேண்டும். இல்லையென்றால் காதில் இஸ்ஸென்று இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும், நெட்டும் விட்டுவிட்டு வரும்.

பொத்தானை அழுத்தினால் என்ன போகிறது

டயல் டோன் வந்துவிட்டது. இப்போது 5 என்ற பொத்தானை அழுத்துங்கள். காதில் ஒரு 'பீம்' கேட்கும். உற்றுக் கேட்டால் அது ஒரு சுருதி இல்லை, இரண்டு. நொடிக்கு 770 அதிர்வு, 1336 அதிர்வு, இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. பொத்தான் பலகையின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு தாழ்ந்த சுருதி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு உயர்ந்த சுருதி. 5 இருப்பது இரண்டாம் வரிசை, நடுப்பத்தி. அந்தச் சந்திப்பைத்தான் எக்ஸ்சேஞ்ச் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறது. மனிதக் குரலோ பின்னணிச் சத்தமோ தற்செயலாக ஒரு எண்ணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இரட்டைச் சுருதி.

அமெரிக்காவில் பெல் என்ற தொலைபேசி நிறுவனம் 1963-இல் பொத்தான் போனைப் பொதுமக்களுக்கு விட்டபோது அதில் பத்துப் பொத்தான்கள்தான் இருந்தன. நட்சத்திரமும் ஹேஷும் 1968-இல் சேர்ந்துகொண்டன. பொத்தான்களை எப்படி அடுக்குவது என்றும் அவர்கள் ஆட்களை வைத்துச் சோதித்து, 1960-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கணக்குப்போடும் கருவியில் 7, 8, 9 மேலே இருக்க, போனில் 1, 2, 3 மேலே இருப்பது அந்தக் காலத்து முடிவு. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து வேலை செய்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையாவது தவறான எண்ணை அடிப்பதற்கும் அதுவே காரணம்.

அதற்கு முந்தைய முறை இன்னும் எளிமையானது. ஒலியே இல்லை. மூடிய சுற்றை டக் டக்கென்று வெட்டி வெட்டி எண்ணைச் சொல்வது. 3 என்றால் மூன்று வெட்டு, 7 என்றால் ஏழு. பெரும்பாலான நாடுகளில் 0 என்றால் பத்து. நொடிக்குப் பத்து வெட்டு என்ற கணக்கு. வட்டமாகச் சுழற்றும் டயல் திரும்பி வரும்போது செய்த வேலை அதுதான். வெட்டுவதை ஹுக்காலும் செய்யலாம் இல்லையா? செய்யலாம். டயலுக்குப் பூட்டுப் போட்டு வைத்த காலத்தில், ஹுக்கைத் தாளம் தப்பாமல் தட்டியே எண் போட்ட கில்லாடிகள் உண்டு.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு? பல மேசை போன்களின் பக்கவாட்டிலோ அடியிலோ 'டி' 'பி' என்று ஆங்கில எழுத்து போட்ட ஒரு குட்டி ஸ்விட்ச் இன்னும் இருக்கிறது. டி என்றால் டோன், பி என்றால் பல்ஸ், அதாவது வெட்டு. துடைக்கும்போது அது நகர்ந்துவிட்டால், பொத்தானை அழுத்தியதும் பீம் என்று கேட்காமல் டக் டக் என்று கேட்கும். அழைப்பு போனாலும் போகும். ஆனால் "கணக்கு விவரங்களுக்கு 1-ஐ அழுத்தவும்" என்று பதிவுக் குரல் கேட்கும் இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அதற்குச் சுருதிதான் புரியும். போன் கெட்டுவிட்டது என்று கொண்டுவந்தவர்களில் சிலருக்கு நான் செய்த ஒரே பழுதுபார்ப்பு, அந்த ஸ்விட்சை டி பக்கம் தள்ளியதுதான்.

9 அடித்தால் வெளியே

ஒரு அலுவலகத்தில் 50 பேர் இருந்தால் 50 வெளி லைன்கள் வாங்குவதில்லை. ஒரே நேரத்தில் எல்லோரும் வெளியே பேசப்போவதில்லையே. எட்டோ பத்தோ லைன்கள் வாங்கி, நடுவில் ஒரு பெட்டியை வைத்து, அதை எல்லோருக்கும் பொதுவாக்குவார்கள். பி.பி.எக்ஸ், ஈ.பி.ஏ.பி.எக்ஸ் என்றெல்லாம் சொல்வது இந்தப் பெட்டியைத்தான். அதுவும் ஒரு எக்ஸ்சேஞ்ச்தான், அலுவலகத்துக்கு மட்டுமானது.

நீங்கள் ரிசீவரை எடுத்ததும் கேட்கும் முதல் டயல் டோன் அந்தப் பெட்டி கொடுப்பது. அலுவலகத்துக்குள் ஒவ்வொரு போனுக்கும் இருக்கும் மூன்று அல்லது நான்கு இலக்க எக்ஸ்டென்ஷன் எண்ணை அடித்தால், அழைப்பு கட்டிடத்தைத் தாண்டாமல் நேரே அடுத்த அறைக்குப் போகும். வெளியே போக வேண்டுமென்றால், "ஒரு வெளி லைன் கொடு" என்று பெட்டியிடம் கேட்க வேண்டும். அதற்கான எண் பெரும்பாலும் 9 அல்லது 0. அடித்ததும் சில இடங்களில் இரண்டாவதாக ஒரு டயல் டோன் வரும், கொஞ்சம் வேறு சுருதியில். அது வெளி எக்ஸ்சேஞ்சின் குரல். 9 அடித்த உடனேயே எங்கேஜ்ட் டோன் வந்தால், நீங்கள் கூப்பிட நினைத்தவர் பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தமில்லை. வெளி லைன்கள் எல்லாமே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

ஒருகாலத்தில் இந்தப் பெட்டியின் இடத்தில் மனிதர்கள் இருந்தார்கள். ரிசீவரை எடுத்தால் ஆபரேட்டர் பேசுவார், யார் வேண்டும் என்று கேட்டு வயரைச் செருகி இணைப்பார். அமெரிக்காவில் ஈமச்சடங்கு நடத்தித் தரும் தொழிலில் இருந்த ஆல்மன் ஸ்ட்ரௌஜர் என்பவருக்கு, தனக்கு வர வேண்டிய அழைப்புகளை ஆபரேட்டர் போட்டியாளருக்குத் திருப்பிவிடுகிறார் என்று சந்தேகம் என்பார்கள். ஆளே வேண்டாம் என்று அவர் யோசித்ததில் பிறந்ததுதான் தானியங்கி எக்ஸ்சேஞ்ச். 1891-இல் காப்புரிமை, அடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் ஊரில் முதல் எக்ஸ்சேஞ்ச்.

புதிய மேசையில் உட்கார்ந்ததும் மூன்று விஷயங்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, போனின் அடியில் ஒட்டிவிடுங்கள்: உங்கள் எக்ஸ்டென்ஷன் எண், வெளி லைனுக்கான எண், அவசர உதவி எண்ணை அடிக்கும்போது முன்னால் 9 போட வேண்டுமா வேண்டாமா என்பது. கடைசியானது இடத்துக்கு இடம் மாறும். தேவைப்படும் நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள அவகாசம் இருக்காது.

சுருக்க எண்ணாகச் சேமித்து வைக்கும்போதும் 9-ஐ மறக்கக் கூடாது. பழைய பெட்டிகளில் 9-க்குப் பிறகு லைன் கிடைக்க ஒரு நொடி ஆகும். போனோ சேமித்த எண்ணை மூச்சு விடாமல் கொட்டிவிடும், முதல் இரண்டு இலக்கங்கள் காற்றோடு போய்விடும். அதற்காகத்தான் 'பாஸ்' என்று ஒரு பொத்தான், சற்று நிறுத்து என்று பொருள். 9, பாஸ், பிறகு எண் என்ற வரிசையில் சேமியுங்கள்.

ஃபிளாஷ்: நான் சறுக்கிய இடம்

பேசிக்கொண்டிருக்கும்போது எக்ஸ்சேஞ்சிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எப்படிச் சொல்வது? பொத்தானை அழுத்தினால் அந்த பீம் எதிராளியின் காதில்தான் விழும். எக்ஸ்சேஞ்ச் இந்த நேரத்தில் கவனித்துக்கொண்டிருப்பது சுற்றை மட்டும். ஆகவே சுற்றை ஒரு கணம் திறந்து உடனே மூட வேண்டும். ரொம்ப நேரம் திறந்துவிட்டால் போனை வைத்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளும். ரொம்பக் குறைவாகத் திறந்தால் கவனிக்கவே கவனிக்காது.

அந்தக் கணம் எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு, பெட்டிக்குப் பெட்டி மாறும். சில இடங்களில் நொடியில் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் பத்தில் ஆறு பங்கு. விரலால் ஹுக்கை அமுக்கி இதைச் சரியாகச் செய்வது பழகியவர்களுக்கே கைவரும். நான் அன்று செய்தது முழு நொடிக்கு மேல். பெட்டியைப் பொறுத்தவரை நான் போனை வைத்துவிட்டேன், அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் ஃபிளாஷ் என்ற பொத்தான். சில போன்களில் ஆங்கில ஆர் எழுத்து மட்டும் இருக்கும். அழுத்தினால், குறித்து வைத்த கால அளவுக்குச் சரியாகச் சுற்றைத் திறந்து மூடும். ஃபிளாஷ் அழுத்தினாலே லைன் கட் ஆகிறது, அல்லது ஒன்றுமே நடக்கவில்லை என்றால், போனின் கால அளவும் பெட்டி எதிர்பார்க்கும் அளவும் ஒத்துப்போகவில்லை என்று பொருள். போனின் அமைப்புகளில் அதை மாற்றலாம்.

சரி, அழைப்பை மாற்றிவிடுவது இப்படித்தான். அழைத்தவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்: "ஒரு நிமிடம் லைனில் இருங்கள் சார், கணக்குப் பிரிவுக்கு மாற்றித் தருகிறேன்." ஃபிளாஷ் அழுத்துங்கள். அவர் காத்திருப்புக்குப் போய்விடுவார், உங்களுக்குப் புதிதாக ஒரு டயல் டோன் கேட்கும். எக்ஸ்டென்ஷன் எண்ணை அடியுங்கள். அங்கே எடுத்ததும், "மேடம், சென்ற மாத பில் பற்றி ஒருத்தர் லைனில் இருக்கிறார், கொடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் ரிசீவரை வைத்துவிடுங்கள். நீங்கள் விலகியதும் அவர்கள் இருவரும் இணைந்துவிடுவார்கள். வேண்டாம் என்றாலோ, யாரும் எடுக்கவில்லை என்றாலோ, பெரும்பாலான பெட்டிகளில் மறுபடி ஃபிளாஷ் அழுத்தினால் பழைய ஆள் திரும்பக் கிடைப்பார். போனை வைப்பதுதான் இணைப்பது என்பது முதலில் மனதுக்கு ஒப்பாது. இரண்டு முறை சக ஊழியரை வைத்துப் பழகிப் பாருங்கள்.

கேட்காமலே எண்ணை அடித்துவிட்டு உடனே வைத்துவிடுகிறவர்களும் உண்டு. வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால் அங்கே ஆள் இல்லையென்றால் அழைத்தவர் மணியோசையைக் கேட்டுக்கொண்டு அநாதையாக நிற்பார். அவர் திரும்ப அழைத்துத் திட்டப்போவது உங்களைத்தான்.

ஹோல்ட் வேறு, மியூட் வேறு. ஹோல்டில் இருவருக்குமே ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்காது, எதிராளிக்கு இசை ஓடும். மியூட்டில் உங்கள் வாய் மட்டும் மூடியிருக்கும், அவர் சொல்வது உங்கள் காதில் விழுந்துகொண்டேயிருக்கும். இரண்டும் இருக்க, ரிசீவரின் அடிப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு பக்கத்து ஆளிடம் "இந்த மனுஷன் விடவே மாட்டேங்கிறார்" என்று சொல்பவர்களை என்ன சொல்வது! உள்ளங்கையைத் தாண்டிக் குரல் நன்றாகவே போகும்.

வலையமைப்பில் ஓடும் போன்

பல அலுவலகங்களில் இப்போது மேசையில் இருப்பது ஐ.பி. போன். பார்க்க அதே சுருள் வயர், அதே பொத்தான்கள். உள்ளே முழுக்கணினி. 48 வோல்ட் சுற்று, ஹுக் வெட்டு எதுவும் இல்லை. உங்கள் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் எட்டு பிட்டுகளாக எழுதி, நொடிக்கு 64,000 பிட்டுகளாக வலையமைப்பில் அனுப்புவது இதன் அடிப்படை முறை. வேறு முறைகளும் உண்டு.

இதன் பின்னால் ஒரே மாதிரி இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று சுவருக்கு, இன்னொன்று உங்கள் கணினிக்கு. மேசைக்கு ஒரே நெட் வயர்தான் வருகிறது என்றால், அது போனுக்குள் நுழைந்து கணினிக்குப் போகும் ஏற்பாடு இது. மாற்றிச் செருகினால் போன் உயிர் பெறாமல் போகலாம். ஏனென்றால் இந்தப் போனுக்கு மின்சாரமும் பெரும்பாலும் அந்த நெட் வயரிலேயே வருகிறது. 2003-இல் வந்த 802.3ஏ.எஃப் என்ற தரநிலைப்படி, நெட் வயர்களெல்லாம் போய்ச் சேரும் பெட்டியான வலையமைப்பு ஸ்விட்ச் ஒரு துளைக்கு 15.4 வாட் வரை கொடுக்கும். போன் அதைச் சுவர் துளை வழியாக மட்டுமே வாங்கிக்கொள்ளும். ஸ்விட்சில் அந்த வசதி இல்லையென்றால் தனி அடாப்டர் வேண்டும். இரண்டு துளைகளையும் சுவரில் செருகும் காரியத்தை மட்டும் செய்துவிடாதீர்கள். செய்தி சுற்றிச் சுற்றி வந்து தளம் முழுவதும் நெட் முடங்கக்கூடும்.

செருகியதும் விளக்குகள் கண் சிமிட்டும், ஓரிரு நிமிடம் ஆகும். திரையில் உங்கள் எக்ஸ்டென்ஷன் எண் வந்தால் பதிவாகிவிட்டது என்று பொருள். வரவில்லையென்றால் உள்ளே எதையும் நோண்டாமல் வலையமைப்புப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை, டயல் டோன்தான். ஐ.பி. போனில் அது மறுமுனையிலிருந்து வருவதில்லை. பழகியவர்கள் பதறக் கூடாது என்று போனே பாடிக் காட்டுகிறது. அதனால் டோன் கேட்பதை மட்டும் வைத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. எண்ணை அடித்த பிறகு சில நொடிகள் மௌனமாக இருப்பதும் இதன் குணம். இன்னும் இலக்கம் வருமா, முடிந்துவிட்டதா என்று காத்துக்கொண்டிருக்கிறது. பல போன்களில் கடைசியில் ஹேஷ் அழுத்தினால், அல்லது திரையின் கீழுள்ள அழைப்புப் பொத்தானைத் தொட்டால், உடனே கிளம்பிவிடும். ஹோல்ட், டிரான்ஸ்ஃபர் இரண்டுக்கும் தனித்தனிப் பொத்தான் உண்டு, ஃபிளாஷ் கணக்கெல்லாம் தேவையில்லை.

பேசும்போது

மணியின் சத்தமும் ரிசீவரின் சத்தமும் வேறு வேறு. பேசிக்கொண்டே ஒலிப் பொத்தானை அழுத்தினால் காதுச் சத்தம் மாறும். வைத்திருக்கும்போது அழுத்தினால் மணிச் சத்தம். சாதாரண போனில் மணிக்கு அடியிலோ பக்கத்திலோ தனி ஸ்விட்ச் இருக்கும்.

ரிசீவரில் உங்கள் குரலே உங்களுக்கு லேசாகக் கேட்கும். அது கோளாறு இல்லை, வேண்டுமென்றே அந்த அளவுக்கு விடுகிறார்கள். அது துளியும் இல்லாவிட்டால் லைன் செத்துவிட்டதோ என்று தோன்றி, நாம் கத்த ஆரம்பித்துவிடுவோம்.

சாதாரண லைன் நொடிக்கு 300 முதல் 3,400 அதிர்வு வரைதான் கடத்தும். பேச்சு புரிய அது போதும். ஆனால் 'எஸ்' என்பதையும் 'எஃப்' என்பதையும் பிரித்துக் காட்டும் உயர்ந்த சீறல் ஒலி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் மின்னஞ்சல் முகவரியை போனில் சொல்லும்போது இவ்வளவு குழப்பம். அந்த எழுத்தில் தொடங்கும் ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

ஸ்பீக்கரில் பேசினால் பல போன்கள் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் விடும். நீங்கள் குறுக்கே பேசினால் அவர் குரல் வெட்டுப்படும். தனி அறை இல்லாத இடத்தில் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. நீண்ட நேரம் தட்டச்சு செய்தபடி பேச வேண்டிய வேலை என்றால், ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொள்ளாமல் ஹெட்செட் கேட்டு வாங்குங்கள். கழுத்து உங்களுடையது.

அழைப்பவரின் எண் திரையில் தெரியும் வசதி இருந்தும் தெரியவில்லையா? சாதாரண லைனில், பல நாடுகளில் அந்தத் தகவல் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் உள்ள மௌனத்தில் வருகிறது. முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால் அது வருவதற்குள் நீங்கள் குறுக்கே புகுந்துவிடுகிறீர்கள். இரண்டாவது மணி வரை பொறுங்கள். சில போன்களின் திரைக்கு அடியில் பேட்டரியும் போட வேண்டும்.

செத்துப்போன லைன்

ரிசீவரை எடுத்தால் ஒரு சத்தமும் இல்லை. முதலில் ரிசீவருக்குள் ஊதுங்கள். ஊதும் சத்தம் உங்கள் காதிலேயே கேட்டால் ரிசீவரும் சுருள் வயரும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, போனுக்கு மின்சாரமும் வருகிறது, கோளாறு சுவருக்குப் பின்னால் இருக்கலாம். கேட்கவில்லையென்றால் சுருள் வயர், தட்டை வயர் இரண்டின் இரு பக்க பிளக்கையும் கழற்றி டிக் சத்தத்தோடு மறுபடி செருகுங்கள். பிறகு பக்கத்து மேசையின் வயரை இரவல் வாங்கி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். அடுத்து, வேலை செய்யும் ஒரு போனை அதே வகை லைன்தானா என்று பார்த்துவிட்டு உங்கள் துளையில் போட்டுப் பாருங்கள். அதுவும் செத்துக் கிடந்தால் கோளாறு சுவருக்குப் பின்னால், இனி உங்கள் வேலை இல்லை.

போன் நன்றாக இருக்கிறது, ஆனால் யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்ட் என்றால், ரிசீவரின் அடியில் பாருங்கள். ஒரு பேனாவோ கோப்பின் ஓரமோ முட்டுக்கொடுத்து ஹுக்கை முழுதாக அமுங்க விடாமல் வைத்திருக்கும். எக்ஸ்சேஞ்சைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

பேச்சின் நடுவே கரகரவென்று வந்தால் சுருள் வயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நாள் முழுவதும் எடுத்து வைத்து, ஒரு காதிலிருந்து மறு காதுக்கு மாற்றி, ஒவ்வொரு முறையும் அரைத் திருப்பு ஏறி, கடைசியில் ஜடை மாதிரி முறுக்கிக்கொண்டு கிடக்கும். இழுத்துப் பிரிக்க வேண்டாம். போன் உடலில் செருகியிருக்கும் நுனியைக் கழற்றிவிட்டு, ரிசீவரை உயரத் தூக்கிப் பிடியுங்கள். வயர் தானாகவே சுழன்று சுழன்று முறுக்கு அவிழும். ஆட்டம் நின்றதும் மறுபடி செருகுங்கள். டிக்.